ஹில்டா அன்ரியின் இன்னொரு அகப்பை

பாதி முகம் சவரம் செய்துகொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. எடுத்த மகள் சுபா, "அப்பா, ஹில்டா அன்ரி செத்துப் போனாவாம்" என்றாள். மறுபாதியை மறந்து வேலைக்குப் போய்விட்டேன். நாடக அரங்கில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற காலை அல்ல அது.

நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சேலை கட்டி முன்வரிசையில் இருந்து கைதட்டிய வெள்ளைக்கார அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். அவர்தான் ஹில்டா அன்ரி. இங்கிலாந்தில் இளம் வயதிலேயே கிழவி வேடம் போட்டவர். நாடகக் குழுவோடு மெல்பேர்ன் வந்து தங்கிவிட்டார். மேடையில் அத்தை, தாதி, வீட்டுக்காரி எல்லாம் அவர்தான். கதாநாயகி ஒருநாளும் இல்லை. "கதாநாயகி அழட்டும். அப்போது நான் தேநீர் ஊற்றினால் சனம் என் கையைத்தான் பார்க்கும்" என்பார். நானும் அதே மேடையில்தான், கதிரை மேசை தூக்கி வைக்கிற பாத்திரம். என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அது பெரிய பதவி.

ஒரு நாடகத்தில் அவர் விடுதிக்காரி. ஒரேயொரு சாப்பாட்டுக் காட்சி, கதாநாயகனுக்குச் சூப் பரிமாறுவது. "இழுக்கிறது. சிட்னிக்குப் போகுமுன் வெட்டிவிடுவோம்" என்றார் நெறியாளர். காட்சி போனால் அவரும் போகவேண்டியதுதான். அந்த வயதில் இன்னொரு வேடம் தேடி வருமா? கவலை எனக்குத்தான், அவருக்கில்லை. "ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பாடு. வயிறு நிறைந்தால் வழி தெரியும்" என்றார்.

டண்டினொங் புறநகரில் எங்கள் வீட்டில் என் மனைவி ஈஸ்வரி புட்டும் கோழிக்கறியும் வைத்தாள். இரண்டாந்தரம் போட்டதும் அன்ரி, போதும் என்பதற்கு நான் சொல்லிக்கொடுத்தபடி, "காணும்" என்று தட்டைக் கையால் மூடினார். ஈஸ்வரி அந்தக் கையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு அகப்பை போட்டாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அன்ரி. நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை."

"ஈசு, அவ வெள்ளைக்காரி. காணுமெண்டால் காணும்தான்."

"சும்மா இருங்கோ. உங்களுக்கு நான் கேட்டே போடுறனான்?"

அன்ரி சாப்பிடவில்லை. ஈஸ்வரியின் மணிக்கட்டையே பார்த்தபடி "இன்னொரு தரம்" என்று தட்டை மூடினார். அவர் கேட்டது கறியை என்று நினைத்து என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கதாநாயகனிடம், "தட்டைக் கையால் மூடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மேடையில் அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஈஸ்வரியிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: அகப்பையை அந்தரத்தில் நிறுத்தி, நாடியை உயர்த்திச் சபையை ஒரு பார்வை. பிறகுதான் சூப் விழுந்தது. அரங்கு அதிர்ந்தது. சபையில் ஈஸ்வரியும் இருந்தாள். வெட்டுவதைப் பற்றி நெறியாளர் பிறகு வாய் திறக்கவில்லை. சிட்னியில் ஒரு பத்திரிகைக்காரர், இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டாராம். "டண்டினொங்கில். என் வாத்தியார் பெயர் ஈஸ்வரி."

நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பசியில்லை. தட்டை மூடினேன். ஈஸ்வரி என் கையைத் தூக்கி வைத்தாள். அகப்பை அந்தரத்தில் நின்றது. நாடி உயர்ந்தது. அந்தப் பார்வை எங்கள் குசினியை, அடுப்பிலிருந்து கதவு வரை, சுற்றி வந்தது. அது இவளுடையது அல்ல.

எனக்கென்று அன்ரி விட்டுப்போனது அதுதான். சாப்பிட்டு முடித்து, மறுபடியும் தட்டை மூடினேன்.