கடைசி வாரம் இல்லாத விண்வெளித் தொடர்கதை

இந்த ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாளைக்குத்தான் லோடு இறக்குவார்கள். லாரியை அங்கே நிறுத்திவிட்டு ஞாயிறு சந்தைக்கு வந்திருக்கிறேன். காந்தி வீதி ஓரமாக ஒரு அம்மா பழைய புத்தகம் பரப்பியிருக்கிறார். நடுவில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த ஒரு விண்வெளித் தொடர்கதை. படத்தைப் பார்த்ததும் தெரிகிறது. இதன் கடைசி வாரத்தை மட்டும் எங்கள் ஊர் சலூனில் படித்திருக்கிறேன். மீதி எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

"கடைசி வாரம் இருக்காதுண்ணா," என்கிறார். "நான் தைச்சதுதான். அந்த வாரம் எனக்குக் கல்யாணம். புக்கு வாங்க யாருக்கு ஞாபகம்? ராக்கெட்ல போனவ திரும்புனாளா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"திரும்பிட்டாம்மா. கடல்ல விழுந்தா. மீன் புடிக்கிறவங்க இழுத்துக் கரை சேத்தாங்க. வந்ததும் சோறு கேட்டா."

அவர் சிரிக்கிறார். கண்ணையும் துடைத்துக்கொள்கிறார். "பாவி, இத்தினி வருஷம் பசியோடவா சுத்திக்கினு இருந்தா! காசெல்லாம் வேணாண்ணா, எடுத்துனு போங்க."

கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

லாரியில் ஏறி முதல் பக்கத்தைத் திறக்கிறேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவள் இப்போதுதான் கிளம்புகிறாள்.