எத்தனை அடுப்பு என்று கேட்டவர்

சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், திலகவதி மேடம் தவறிட்டாங்க" என்றார் கணக்கர். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். கோச்சடையில் அவர் வீட்டுக்குப் போக அதே பஸ்தான் என்பது அது கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

ஒரு அரசுத் திட்டத்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்ததா, இல்லை அப்படியே கிடக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது எங்கள் ஆய்வு மையத்தின் தொழில். அதில் திலகவதி மேடம் எத்தனை பிடிவாதக்காரர் என்பது அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் யாராவது திரையில் சராசரியைப் போட்டுப் பெருமைப்பட்டால், பின்வரிசையிலிருந்து எழுந்துவிடுவார். "சராசரிக்குப் பசிக்காதுங்க. ஆளுக்குத்தான் பசிக்கும்." பல பேருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு இந்த வாய்தான் காரணம்.

எழுமலைப் பக்கம் நாங்கள் போன கடைசிப் பெரிய ஆய்வைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டிராக்டர் உள்ள வீடுகளில் இருக்கும் கைம்பெண்களுக்கு உதவித்தொகை எதற்கு என்று ஓர் அரசு அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிலருக்கு உடனே நிறுத்தியும் விட்டார்கள். நிறுத்தியது சரிதானா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான். "எல்லாருக்கும் ஒரே அடுப்புதான் தாயி. மகன் போயிட்டான்னு மருமகளத் தனியா விட்ருவமா?" வெளியாளிடம் வீட்டுக்குள் இரண்டு உலை கொதிக்கிறது என்று சொன்னால் குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால் நாங்களும் ஒரே குடும்பம், டிராக்டர் அவர்களுக்கும் பொது என்றே எழுதிக்கொண்டு வந்தோம்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்வாசலில் கேட்டதைக் கொல்லையில் இன்னொரு தடவை கேட்பார். பெரியகருப்பன் என்பவர் வீட்டில் நான் அவரோடு முன்வாசலில் உட்கார்ந்திருக்க, மேடம் பின்பக்கம் போனார். அங்கே மாட்டுக்கொட்டகைச் சுவரை ஒட்டி மூன்று கல்லை வைத்து, அவருடைய மருமகள் பாண்டியம்மாள் தனக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை நின்றதிலிருந்து ஒருவேளைச் சமையல்தான். "இத எழுதிராதீங்கக்கா. மாமனுக்குத் தெரிஞ்சா இந்த எடமும் இல்ல" என்று மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

முன்வாசலில் பெரியகருப்பன் என் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தார். மேடம் கேட்டு முடிக்கட்டும் என்று, பயிர்க்காப்பீடு, மோட்டார் என்று எதையெதையோ கேட்டு நிறுத்தப் பார்த்தேன். அவர் நிற்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். கொல்லையில் மேடம் அடுப்புக்கு முன்னால் சேலையை விரித்துக் குத்தவைத்திருந்தார். "தலைவலி மாத்திரை போட வெந்நீர் கேட்டேங்கய்யா. ஒங்க மருமகதான் கல்லக் கூட்டிப் போட்டுத் தருது" என்றார். பெரியகருப்பன் அந்தச் சட்டியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள கேட்டா தரமாட்டமா தாயி?" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே மாத்திரைக்காகப் பையைத் துழாவினார். பையில் மாத்திரை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரியகருப்பன் திரும்பிப் போகும்வரை துழாவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் எங்களுக்குள் சண்டை. அதிகாரிக்கு இன்றைக்கே எழுதினால் அவளுக்குப் பணம் திரும்ப வரும் என்றேன். சரிபார்க்க ஆள் வருவான், வந்தவன் நேரே மாமனாரிடம்தான் கேட்பான், சாயங்காலம் அவள் தெருவில் நிற்பாள் என்றார் மேடம். "ஒரு அடுப்பக் காட்டுனா அவ மாட்டிக்குவா, முருகேசன். எல்லா அடுப்பையும் காட்டுனா யாரு மாட்டுவா?" அதுவரை அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று கத்தினேன். அவர் கோச்சடை வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

எல்லா வீட்டுக்கும் மறுபடி போவது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை பெண்களை மட்டும், கொல்லையில் வைத்து, நேற்று உலை வைத்தது யார், யாருக்கு என்று கேட்டோம். தாமதமாகிறது என்று நிதி கொடுத்தவர்கள் கோபப்பட்டார்கள். மையத்தின் இயக்குநர், அறிக்கையை முடிக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று எல்லோர் முன்னாலும் மேடத்திடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷனில்லாதவள், அதனால்தான் கைம்பெண்களுக்காக இப்படி இழுக்கிறாள் என்றுகூட அலுவலகத்தில் பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது. மறுநாளும் ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாக அறிக்கை போயிற்று. வீட்டுக்கு வீடு இரண்டு அடுப்பு, மூன்று அடுப்பு. எந்தப் பெண்ணின் பெயரும் வெளியே தெரியவில்லை. நிறுத்திய உதவித்தொகையை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். மேடம் கேக்கைத் தொடாமல், வா எழுமலைக்குப் போவோம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாண்டியம்மாள் அங்கே இல்லை. பணம் வருமென்று காத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கொட்டகைச் சுவரோரம் கரி மட்டும் இருந்தது.

நான் சொன்னபடி அன்றைக்கே எழுதியிருந்தால் அவள் இருந்திருப்பாளா, துரத்தப்பட்டிருப்பாளா? இதை வைத்து நாங்கள் பிறகு எத்தனையோ முறை மோதியிருக்கிறோம். போன மாதம் மருத்துவமனையில் பார்த்தபோதும் நான்தான் பேச்சை எடுத்தேன். நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லி, அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நானும் சரியில்ல, நீங்களும் சரியில்ல. வீடு வீடாப் போயி அம்புட்டுப் பேருகிட்டக் கேட்டமே. என்ன செய்யட்டும்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டமா?"

அவர் எழுதிய அறிக்கைகளை மையம் வைத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான். இனிமேல் கேட்கப் போனாலும் கூட வர அவர் இல்லை, பதில் சொல்லப் பாண்டியம்மாளும் அங்கே இல்லை.