யானையின் எண்

கன்லயா எந்த ஆணுறைப் பெட்டியையும் மூடியபடி விற்க மாட்டாள். பிரித்து, உள்ளே இருக்கும் மூன்று உறைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துவாள். அடைபட்ட காற்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நழுவ வேண்டும். நழுவினால் பொத்தல் இல்லை. நழுவாததைத் தனியே எறிந்துவிடுவாள். பிறகு கையை எட்டும் மட்டும் நீட்டி, கண்ணாடி போடாமலே தேதியைப் படிப்பாள். பழுப்புக் காகிதப் பையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, இரண்டு பின் அடிப்பாள். ஒரு பின் போதும். இரண்டாவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரப் போகிறவளுக்காக.

தெற்குத் தாய்லாந்தில், நா தவி ஊர்ச் சந்தையில் அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு எதிரே மீன் வரிசை. ஊரைச் சுற்றி மலையடிவாரம் வரை ரப்பர் மரங்கள். இந்த மரத்துப்பால்தான் எங்கோ போய், மெலிந்து, சுருண்டு, வெள்ளி உறைக்குள் புகுந்து திரும்ப இதே ஊருக்கு வந்தது.

ஆண்கள் இருமல் மருந்து கேட்பதுபோல வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். பெண்கள் கூச்சப்படுவது முதல் தடவை மட்டும்தான்.

"வாசம் இல்லாததா குடுக்கா" என்பாள் மீன்காரி நுவான். "போன வாட்டி ஸ்ட்ராபெரியத் தந்துட்ட. பகல் பூரா கானாங்கெளுத்தி நாத்தம், படுத்தா ஸ்ட்ராபெரி நாத்தம். ரெண்டும் சேந்து கொமட்டுது."

"புள்ளி வச்சது தரவா?"

"அது எங்களுக்குப் புடிக்கும்னு அந்தாளாத்தான் நெனச்சுக்கிறாரு. எனக்குப் பாகக்காய் ஞாபகம்தான் வருது."

ரப்பர் பால் வெட்டப் போகும் சம்லிக்கு மரத்துப்போகும் மருந்து தடவியது ஆகவே ஆகாது. "அது நேரத்த இழுக்குதுக்கா. விடியறதுக்குள்ள எனக்கு நானூறு மரம் கெடக்கு. இவரு ஒருத்தரு அஞ்சாவது மரத்துலயே நின்னா எப்படி?"

மெலிதாக இருக்க வேண்டும், வழுவழுப்பு தாராளமாக இருக்க வேண்டும், வாசம் கூடாது. இந்த மூன்றையும் அவர்களாகவே கேட்டார்கள். நாலாவதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் கன்லயா. போட்டது போட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் பெட்டியின் ஓரத்தில் எண். நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு. உறையைத் தட்டையாக வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை. ஆனால் ஆண்கள் அதைப் பரீட்சை மார்க்காகவே படித்தார்கள். நாற்பத்தொன்பது கேட்டு ஒருவனும் வாய் திறந்ததில்லை. அவர்களுடைய மனைவிமார்தான் வந்து வாங்கிப் போனார்கள். "சட்டை மாதிரிதான்டி இதுவும். தொளதொளன்னு போட்டா அவுந்து விழும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சலிக்காமல் சொன்னாள். தொழில் பக்தி என்று கடைக்காரம்மா நினைத்துக்கொண்டாள். அது பக்தி அல்ல. பழி.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கன்லயாவுக்கு ஒரு புருஷன் இருந்தான். பெயர் சாங். யானை என்று அர்த்தம். பிறக்கும்போதே நாலே கால் கிலோ என்று தாய் ஆசையாக வைத்த பெயர். பெயருக்கு ஏற்றாற்போல அவன் ஐம்பத்தாறுதான் வாங்குவான், அதையும் கடையில் நாலு பேர் இருக்கும்போது சத்தமாகக் கேட்டு வாங்குவான். "நிக்கலைங்க, கழண்டுபோகுது" என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை தட்டு பறந்தது. மூன்றாம் மாதம் அவளுக்கு வாந்தி.

சாங் தன் அம்மாவையும் சித்தப்பாமார்களையும் கூட்டி உட்கார வைத்தான். "நான் தவறாம உறை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதையும் மீறி வயித்துல ஒண்ணு வந்திருக்குன்னா, அது யாரோடதுன்னு இவளையே கேளுங்க" என்றான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதில் நாக்கு நுனியில் நின்றது. அது ஓர் எண்தான். ஆனால் இருபத்திரண்டு வயதில், மாமியார் முன்னால், மாமியார் பெற்ற பிள்ளையைப் பற்றி அந்த எண்ணை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்தாள். குனிந்த தலையே ஒப்புதல் வாக்குமூலம் ஆனது. அவன் ஹாட் யாய் நகரத்துக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளுக்கு ஃபா பிறந்தாள். "உங்கப்பன் பேரு என்னடி, ஊர்ப்பேரா?" என்ற கேள்வியோடு பள்ளிக்கூடம் போய் வந்தாள் ஃபா.

கன்லயா மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நாற்பத்தொன்பது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பிரித்து, விரல்களில் விரித்துப் பார்த்தாள். ஞாபகம் பொய் சொல்லவில்லை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இவளுடைய கஞ்சி ஆறவே இல்லை. ஒரு நாள் அந்த எண்ணை இந்தச் சந்தையில் சொல்ல வேண்டும், சொல்லும்போது 'அப்படின்னா என்ன?' என்று ஒருத்திகூடக் கேட்கக் கூடாது. அதற்காகவே இத்தனை வருடமும் ஊர்ப் பெண்களுக்கு எண் சொல்லிக்கொடுத்தாள்.

நாள் தானாக வந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நிற்கச் சொந்த ஊருக்குத் திரும்பினான் சாங். வாக்குச்சீட்டு எண்ணுக்கான குலுக்கலில் அவனுக்கு மூன்று விழுந்தது. காலைச் சந்தை நிரம்பி வழியும் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி மீன் வரிசைக்குள் நுழைந்தது. அவன் மைக்கைப் பிடித்தபடி முன்னால் நடந்து வந்தான்.

"அக்காமாரே, தங்கச்சிங்களே! யானைக்கு நம்பர் மூணு! மறந்துடாதீங்க, நம்பர் மூணு!"

கன்லயா கடைப்படி இறங்கினாள். "மூணா? எவன் சொன்னான்? உன் நம்பர் எனக்குத் தெரியாதா?"

அவன் மைக்கைத் தாழ்த்தாமலே சிரித்துவைத்தான். "கன்லயா, உள்ள போயி மாத்திரை எண்ணு, போ."

"எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். உன் நம்பர் நாப்பத்தொம்பது."

அவனுடைய வண்டியின் முன் சீட்டிலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், சந்தை உடைந்தது. நுவான் கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அம்பத்தாறுன்னுல்ல ஊரெல்லாம் பேச்சு! நடுவுல ஏழு எங்க போச்சு?"

"சிரிக்காதீங்கடி" என்றாள் கன்லயா. அவள் சிரிக்கவில்லை. "நாப்பத்தொம்பது ஒண்ணும் குத்தமில்ல. இந்த ஊருல பாதி வீட்டுல அதுதான். அந்த வீட்டுப் பொம்பளைங்க நிம்மதியாத்தான் இருக்காங்க. இவரு வீம்புக்கு அம்பத்தாறு வாங்கினாரு. கழண்டுபோச்சு. வந்த புள்ளைக்கு யாரு அப்பன்னு பெரியவங்கள உக்கார வச்சு என்னையக் கேட்டாரு. அன்னிக்கு எனக்கு வாய் வரல. இன்னிக்கு நான் கேக்கறேன். ஃபா யாரு பொண்ணு?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"மைக்குல சொல்லு. இல்லேன்னா அம்பத்தாறுக்கும் நாப்பத்தொம்பதுக்கும் நடுவுல நடந்த கதை முழுசையும் நான் சொல்லவேண்டி வரும்."

அவன் இப்படியும் அப்படியும் பார்த்தான். எந்தப் பக்கமும் ஓர் ஆண்கூட அவனுக்காக வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் எண் என்ன என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

"என் பொண்ணுதான்." ஒலிபெருக்கி அதை மீன் வரிசை, காய்கறி வரிசை, பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுபோனது. "ஃபா என் பொண்ணுதான்."

கன்லயா திரும்பிப் படியேறினாள். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இனித்தது. அன்று சாயங்காலம் ஃபாவுக்கு போன் போட்டபோதும், தேர்தலில் அவன் மண்ணைக் கவ்வியபோதும் அந்த இனிப்பு குறையவில்லை.

முன் சீட்டில் சிரித்தவள் யாரென்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் பென்ஸ்ரி, சாங்கின் இரண்டாம் மனைவி. அப்போது அவளுக்கு மூன்று மாதம். அது யாருடையது என்று அந்த வாரம்தான் அவன் அவளையும் கேட்டிருந்தான்.