பெயிண்டரின் கைப்பழக்கம்

கார்களுக்கு ஸ்ப்ரே துப்பாக்கியால் வண்ணம் அடிக்கும் அந்தப் பெயிண்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அடிப்பதானாலும் முதலில் ஓர் அட்டைத் துண்டின்மேல், அது கிடைக்காவிட்டால் காற்றில், ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிப் பக்கம் திரும்புவார். இருபது வருடமாக இப்படித்தான். பட்டறையில் இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. வீட்டில் கொசு மருந்துக்கும் அதே மரியாதைதான்.

அவருடைய ஆறு வயது மகளுக்கு வலிப்பு வரும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஸ்ப்ரே கொடுத்திருந்தார்கள். உள்ளே இருப்பது ஒரே அடிக்கான மருந்து, சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெயிண்டருக்கு விடிகாலை வேலை, மனைவிக்குப் பகல் வேலை. மகளை மாற்றி மாற்றிக் காவல் காத்ததில் இருவரும் நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்காயிற்று.

ஒரு நாள் மதியம் வலிப்பு வந்தபோது அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, நிற்கவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஸ்ப்ரேயை எடுத்தார். கை சும்மா இருக்குமா? காற்றில் ஓர் அடி அடித்துப் பார்த்தது. அவ்வளவுதான், மருந்து போயே போயிற்று. காலியானதை மகளின் மூக்கில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார், பாவி மனிதர்.

ஆம்புலன்ஸ் வர இன்னும் எட்டு நிமிடம் ஆனது. அதிலிருந்து இறங்கி வந்த நர்ஸ் காலி ஸ்ப்ரேயைப் பார்த்துவிட்டு, மருந்து உள்ளே போயிற்றா என்று கேட்டார். போயிற்று என்றால் அதைக் கணக்கில் வைத்துத்தான் மேற்கொண்டு மருந்து கொடுப்பார்கள். பெயிண்டருக்கு 'ஆமாம்' வாய்வரை வந்துவிட்டது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இல்லைங்க. காத்துல அடிச்சுட்டேன்."

நர்ஸ் உடனே குழந்தையின் தொடையில் ஊசி போட்டார். நாலு நிமிடத்தில் உதறல் அடங்கியது.

மனைவி வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. மகளின் மூச்சு சீராக வருவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த புது ஸ்ப்ரேயை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. என் கைய நம்பாத," என்றார் அவர்.

"நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும்," என்றாள் அவள். "உங்கள விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"