உள்ளான்கள் பறக்கவில்லை

இதைக் கதை என்று சொன்னால் கொக்கு எழுந்து போய்விடுவார். என்னிடமிருந்தே இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறார். அடுத்த தடவை நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால்தான் முழுசாகச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் எதையும் கூட்டவில்லை.

கொக்கு என்பது பட்டப்பெயர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், கழுத்தும் நீளம். கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு கடுகளவு சக்கரங்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, லீவு நாளில் தூரத்தில் இருக்கும் பறவைகளைப் பார்க்கிற பைத்தியம். துணைக்கு அவருடைய தங்கையின் கணவர். ஆம்புலன்ஸ் டிரைவர். ஒருவரையொருவர் மாப்ளை, மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். பெண்டாட்டி முகத்தைப் பார்க்க நேரமில்லை, நாரை மூக்கைப் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது என்று தங்கை கேலி செய்வாள். ஆனாலும் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் படகுக்காரர் அவர்களைத் தீவில் இறக்கிவிட்டார். மறுநாள் மதியம் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. தகரக்கூரை போட்ட விடுதி. வேறு யாரும் தங்கியிருக்கவில்லை. போனில் சிக்னல் கிடையாது. சாவியைக் கொடுக்கும்போது படகுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார். தண்ணீர் வற்றும்போது மேற்குப் பக்கம் சேறு தெரியும், பார்க்கக் கெட்டியாக இருக்கும், காலை மட்டும் வைத்துவிடாதீர்கள் என்றார்.

சாயங்காலம் மேற்குக் கரையில் டெலஸ்கோப்பை நிறுத்தினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஈரச் சேறு. அதில் ஆயிரக்கணக்கில் உள்ளான்கள். உள்ளான் கைக்குள் அடங்குகிற சின்னப் பறவை. சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடும். கொஞ்சம் நிழல் ஆடினாலும் போதும், மொத்தக் கூட்டமும் குபீரென்று கிளம்பிவிடும். கொக்கு ஒரு தடவை தும்மியதற்கே பாதிக் கூட்டம் எழும்பிப் போய்த் தள்ளி உட்கார்ந்தது. மாப்பிள்ளை சிரித்தார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. கொக்கு டெலஸ்கோப்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். நடுச்சேற்றில் ஏதோ நின்றது. கம்பம் என்று நினைத்தார்.

கம்பம் இல்லை. ஆள்.

வெள்ளைச் சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையும் தொங்கின. முழங்கால் வரை சேற்றுக்குள் இருந்தார். அவரைச் சுற்றி உள்ளான்கள் மேய்ந்தன. சுற்றி என்றால் தள்ளி இல்லை. காலை உரசிக்கொண்டு. ஒன்று அவர் விரல் நுனிக்குக் கீழேயே கொத்திக்கொண்டிருந்தது.

கொக்குக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் என்ன சரியில்லை என்று சட்டென்று பிடிபடவில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். மாப்பிள்ளை ஒரு நொடிதான் பார்த்தார்.

"சேத்துல மாட்டிக்கிட்டாரு மச்சான். தண்ணி ஏறப் போகுது."

தூரத்தில் அலை ஒரு வெள்ளைக் கோடு மாதிரி திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மாப்ளை, கொஞ்சம் நில்லு. அந்தப் பறவைங்க ஏன் பறக்கல?"

மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. ஆபத்து என்றால் அவருக்குக் கால் தரையில் நிற்காது. பிழைப்பே அதுதானே. விடுதிக்கு ஓடி, பின்னால் கிடந்த இரண்டு பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைப் போட்டு அதில் நின்று, அடுத்ததை முன்னால் போட்டு, அப்படியே நகர்ந்து போனார். கொக்கு கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், டெலஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை போகப் போக, உள்ளான்கள் அலை அலையாக எழும்பின. கீச் கீச்சென்று ஒரே சத்தம். அவருக்கு முன்னால் ஒரு பறவை கூட உட்காரவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பவில்லை.

மாப்பிள்ளை கிட்டே போய்விட்டார். ஏதோ கேட்டார். தோளைத் தொட்டார்.

அந்த ஆள் திரும்பினார். கொக்குக்கு அவர் முகம் தெரியவில்லை, மாப்பிள்ளையின் தலை மறைத்தது.

அப்புறம் மாப்பிள்ளையும் திரும்பிக்கொண்டார்.

இரண்டு முதுகுகள். பக்கத்துப் பக்கத்தில். நாலு கைகள் தொங்கின...

கீச்சுச் சத்தம் நின்றது.

பறவைகள் திரும்பி வந்தன. ஒன்று... பத்து... பிறகு எல்லாம். மாப்பிள்ளையின் காலைச் சுற்றி இறங்கின. மேய ஆரம்பித்தன.

கொக்கு கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார்.

கத்தினதற்கும் ஒரு பறவை பறக்கவில்லை.

சேற்றில் இறங்கி ஓடினார். நாலு எட்டு வைப்பதற்குள் தொடை வரை போய்விட்டது. உருண்டு புரண்டு கரைக்கு வந்தார். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. டெலஸ்கோப்பில் பார்த்தார். வெறும் தண்ணீர். பலகை ஒன்று மிதந்தது.

கயிறு கிடைக்குமா என்று விடுதிக்கு ஓடினார். அழுதுகொண்டே ஓடினதாகச் சொன்னார். தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியதாம்.

அறைக் கதவு திறந்திருந்தது.

கட்டிலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு.

கொக்குக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தார். தன் உடம்பெல்லாம் சேறு. மாப்பிள்ளையின் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"அந்த ஆளு யாரு மாப்ளை? எங்க போனாரு?"

"அங்க யாரும் இல்ல மச்சான்."

அவ்வளவுதான். மாப்பிள்ளை சாப்பிடவில்லை, படுக்கவும் இல்லை. மறுநாள் படகுக்குப் போக, கரையோரமாக நடந்தார்கள். வழியில் ஒரு பெரிய உள்ளான் கூட்டம். மாப்பிள்ளை முன்னால் போனார், நடுவிலே நடந்து போனார். பறவைகள் அவர் காலுக்கு நடுவே ஓடின. பின்னால் கொக்கு ஒரு எட்டு வைத்ததுதான் தாமதம்... எல்லாம் பறந்துவிட்டன.

ஊருக்கு வந்தபின் மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் வேலையை விட்டுவிட்டார். ஒரு கிடங்கில் காவல் வேலை பிடித்துக்கொண்டார். தங்கைக்கு ஒரே சந்தோஷம். முன்னே மாதிரி கோபம் இல்லை, ராத்திரியில் எழுந்து ஓடுவதில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்றாள். உடம்பு மட்டும் எந்நேரமும் ஜில்லென்று இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாமென்றால் வர மாட்டேன் என்கிறார் என்றாள். கொக்கு அவளிடம் எதையும் சொல்லவில்லை.

நாலு மாதம் போயிற்று. ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொக்குக்குப் போன். புயலில் தீவின் மேற்குக் கரை அரித்துக்கொண்டு போனதில் ஒரு உடல் வெளியே வந்திருக்கிறதாம். அந்தப் பருவத்தில் தீவில் தங்கியவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார்களாம்.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். காற்றுப் படாத சேற்றுக்குள் இருந்ததால் முகம் அவ்வளவாக அழியவில்லை.

மாப்பிள்ளை.

பிணவறை ஊழியர் தானாகவே பேசினார். படுத்த நிலையில் இல்லை, நட்டுவைத்த மாதிரி நின்ற நிலையில் இருந்தார் என்றார். இறந்து மூன்று நாலு மாதம் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"பக்கத்துல இன்னொருத்தர் இருந்தாரா? வெள்ளைச் சட்டை..."

"இல்லையே. இவர் ஒருத்தர்தான்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தங்கை.

குரலே துள்ளியது. எட்டு வருஷம் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம் அண்ணா, இப்போது தானாக உண்டாகிவிட்டது, முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன் என்றாள்.

"எத்தனை மாசம்மா?"

"ரெண்டு மாசம்ணா. இரு, அவரு பேசணுமாம்."

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"மச்சான்... பாத்துட்டீங்களா?"

கொக்கு மேஜையில் கிடந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலன்னு சொல்லிடுங்க."

பின்னால் தங்கை எதற்கோ சிரிப்பது கேட்டது. அவள் அந்த வீட்டில் அந்த ஆளோடு தனியாக இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து, தெரிந்தவரா என்று கேட்டார். கொக்கு தலையை ஆட்டினார். இல்லை.

அனாதைப் பிணமாகப் புதைத்தார்கள். கொக்கு தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார். பறவை பார்க்கப் போவதை அத்தோடு விட்டுவிட்டார். வாரா வாரம் தங்கை வீட்டுக்குப் போகிறார். அந்த மனுஷனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார். வேறு என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.

தங்கைக்கு இது ஒன்பதாவது மாதம். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்களாம். குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொன்னார்களாம். ஆனால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முகம் மட்டும் தெரியவில்லையாம்... முதுகைக் காட்டிக்கொண்டே இருக்கிறதாம்.