பாண்டிமீனாவின் பெயரில் ஒரு ஸ்கேன்

ஸ்கேன் மேசையில் படுத்திருந்த பாண்டிமீனாவுக்கு ஒரே பயம்தான்: வயிற்றில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடக் கூடாது. நோய் அவளுக்கு இல்லை, பதினாறு வயது மகள் சரண்யாதேவிக்கு. இருபத்தாறு நாளாகத் தீட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மகளின் கோளாறைத் தன் கோளாறாகச் சொல்லி, பத்து நாளைக்கு முன்பே இதே தல்லாகுளத்து டாக்டரம்மாவிடம் மாத்திரை வாங்கிப் போயிருந்தாள். மகள் அதை விழுங்கினாள். நாலு நாள் குறைந்தது. பிறகு முன்னைவிட மோசமாகப் போனது. திரும்ப வந்தவளை ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பவர்கள், வில்லாபுரத்தில் அவள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும். பாண்டிமீனா பிளவுஸ் தைப்பவள். இருபது வருடமாக அந்தத் தெருவுக்கே அளவெடுப்பவள். வாங்கிப்போகக் காத்திருக்கும் பெண்கள் பேசாமலா இருப்பார்கள்? போன வருடம் எதிர்வீட்டுத் தாமரைச்செல்வி வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போனாள். குடல்வால் என்று அறுவை செய்தார்கள், தழும்புகூட இருக்கிறது. ஆனாலும் “எத்தனை மாசமாம்?” என்று ஒரு பேச்சுக் கிளம்பி, பேசி முடித்திருந்த சம்பந்தம் கலைந்துபோனது. அதை முதலில் கேட்டவள் வேறு யாருமல்ல, பாண்டிமீனாதான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சும்மா சிரிப்புக்குத்தான் கேட்டாள்.

தன் வாயைப் போல் அந்தத் தெருவில் எத்தனை வாய் உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா? அதிலும் பக்கத்து வீட்டு நாத்தனார் ஒச்சாயி, சரண்யாவைத் தன் மகனுக்கு எடுக்க ஆசைப்படுபவள். அவளுக்குத் தெரிந்தால் முடிந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் கணவன் மருதுவிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் அவன் அக்கா ஒச்சாயியிடம் போய்விடும்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஸ்கேனில் கோளாறே இல்லை, ரத்த அளவு பன்னிரண்டுக்கு மேல். இத்தனை நாள் ரத்தம் போன உடம்பு இப்படி இருக்காது என்றார். பிறகு அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

“யாருக்கும்மா போகுது?”

பாண்டிமீனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மகளுக்கு என்றாள். வெளுத்திருக்கிறாளா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று அவர் கேட்கக் கேட்கத் தலையாட்டினாள். சின்ன வயதுப் பெண்களுக்கும் வரக்கூடியதுதான், முதலிலேயே கூட்டி வந்திருக்கலாம், இனி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரி ஹாலுக்கு வந்து மகளுக்குப் போன் அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தும் எடுக்கவில்லை. உடனே போய்ப் பார்க்கக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். வேறு வழியில்லாமல் ஒச்சாயியை அழைத்து, வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொன்னாள். ஒச்சாயியின் செருப்புச் சத்தம் போனில் கேட்டது. கதவு திறப்பது கேட்டது.

“பிள்ள பாத்ரூம் வாசல்ல கெடக்கா. மூச்சு இருக்கு. நைட்டியெல்லாம் ரத்தம்.” ஒச்சாயியின் குரல் இறங்கியது. “ஏய், எத்தனை மாசம்டி?”

தான் கேட்ட கேள்வி தன்னிடமே வந்து நின்றது. ஹாலில் முப்பது பெண்கள் இருந்தார்கள். பாண்டிமீனா குரலைத் தாழ்த்தவில்லை.

“மாசமில்ல மதினி, தீட்டு. இருபத்தாறு நாளா நிக்கல. நாந்தான் மறைச்சேன். பிள்ளைய ஆட்டோவுல போட்டு தல்லாகுளம் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின. அவளிடம் தைக்கக் கொடுப்பவள் ஒருத்தியும் அதில் இருந்தாள். ஒச்சாயி போனை வைத்துவிட்டாள். வருவாளா மாட்டாளா என்று தெரியாமல், பாண்டிமீனா வாசலில் நின்று வரும் ஆட்டோவையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் ஒச்சாயி வந்தாள். பிள்ளையைத் தன் சேலை ஒன்றால் சுற்றி மடியில் போட்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே கவுண்டரில் பேஷன்ட் பெயரைக் கேட்டார்கள். சரண்யா கண்ணைத் திறந்தாள். ஹாலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் பேரச் சொல்லும்மா” என்று கிசுகிசுத்தாள்.