ஓடைத் தவளையும் என் விரலும்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தவளை, தேரைப் படங்களுக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். படம் போட்டால், அதைப் பார்த்து இன்ன தவளை என்று பல்கலைக்கழகத்துச் சேர் ஒருவர் பெயர் சொல்வார். அளவு தெரிவதற்காகத் தவளையைத் தொடாமல் பக்கத்தில் ஒரு விரலை வைத்து எடுக்க வேண்டும், அதுதான் குழுவின் வழக்கம். தொடையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சின்னப் புதர்த்தவளை நமுனுகுல மலை ஓடைப்பக்கம் இருக்கலாம் என்று சேர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு மழைக்காலம் அட்டைக்கடி வாங்கித் தேடினேன், சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காணோம்.

போன மாசி மாதம் பக்கத்து லயத்து வீட்டுச் சித்ரா அந்தத் தவளையின் படத்தைப் போட்டாள். குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவள்! சேர் அவளை வாயாரப் புகழ்ந்தார். பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயாவது சுட்ட படமாக இருக்கும், பிடித்துக் கொடுக்கிறேன் பார் என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

தவளைக்குப் பக்கத்தில் இருந்தது என் விரல்.

நம்பினால் நம்புங்கள். சின்ன வயதில் தேயிலைச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு என் ஆள்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கிறது, கீழே சாய்வாக ஒரு தழும்பு. அதே நகம், அதே தழும்பு. படத்தில் போட்டிருந்த தேதியன்று நான் பண்டாரவளையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன், வீடியோவில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் வெரல் அது?"

"என்ன டீச்சர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்கதானே கூட வந்தீங்க. நீங்கதான் மொதல்ல கண்டு காட்டுனீங்க. ஒங்க பேரயும் போடவான்னு கேட்டேன். வேணாம், நீயே வச்சுக்கன்னு சிரிச்சீங்களே."

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அப்படிச் சொல்கிற ஆளா நான்? என்னைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் ஓடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இன்றுவரை அந்தத் தவளையை நான் கண்ணால் கண்டதில்லை. சித்ராவோடு ஒரு நாளும் போனதில்லை. நேற்று அவள் இன்னொரு படம் போட்டிருக்கிறாள். அதே தவளை, பக்கத்தில் அதே பிளந்த நகம், நகத்திடுக்கில் ஓடை மண். சித்ராமேல் இருந்த பொறாமையெல்லாம் இப்போது அந்த விரல்மேல்தான். என்னைவிட்டுப் போய் அது மட்டும் பார்த்துவிட்டு வருகிறது.